தாய்மாமனைக் கேளுங்கள்!

ஐரோப்பாவின் அரண்மனைகளில் தலைமுறை தலைமுறையாகச் சுற்றிவந்த ஒரு ரத்த நோய், நம் வீட்டு வம்சாவளிக்கும் ஒரு பாடம் சொல்கிறது.

உங்கள் அப்பாவின் அப்பா பெயர் என்ன? டக்கென்று சொல்லிவிடுவீர்கள். அவருடைய அப்பா பெயர்? அதுவும் பல பேருக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகையிலும், வீட்டுப் பத்திரத்திலும் அந்தப் பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

சரி, உங்கள் அம்மாவின் அம்மா பெயர்? ‘அம்மாச்சி’, ‘பாட்டி’ என்றே கூப்பிட்டுப் பழகியதால் கொஞ்சம் யோசிப்பீர்கள். அந்தப் பாட்டியைப் பெற்றவர் பெயர்? ம்ஹூம்... அந்தப் பாட்டியோடு கூடப்பிறந்த ஆண்பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் சின்ன வயசிலேயே தவறிப்போனவர் யாராவது உண்டா? இதற்குப் பதில் சொல்கிறவர் நூற்றில் ஒருவர் இருந்தாலே ஆச்சரியம்!

“நாடி பார்க்க வந்த இடத்துல ஜாதகம் கேக்குறீங்களே டாக்டர்?” என்று என்னிடம் வருகிறவர்கள் சிரிப்பார்கள். சித்த மருத்துவத்தில் நோயைக் கணிப்பதற்கு நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டு வழிகள் உண்டு. கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலான வைத்திய அனுபவத்தில் ஒன்பதாவதாக ஒன்றை நானே சேர்த்துக் கொண்டிருக்கிறேன். அது, குடும்ப வம்சாவளி. அதிலும், அம்மா வழி வம்சாவளி.

ஏன் அப்படி என்று புரிய வேண்டுமானால், நாம் லண்டன் வரைக்கும் ஒரு நடை போய் வரவேண்டும்.

ராணியின் ஒன்பது பிள்ளைகள்

நம் பாட்டன்மார் காலத்து நாணயத்தில் தலை பொறித்திருந்த விக்டோரியா மகாராணியைத் தெரியும்தானே? 1819-ல் பிறந்தவர். 1837-ல் பட்டத்துக்கு வந்தார். 1840-ல் தன் தாய்மாமன் மகன் ஆல்பர்ட்டை மணந்துகொண்டார். ஐந்து பெண்கள், நான்கு ஆண்கள் என மொத்தம் ஒன்பது பிள்ளைகள். அந்தக் காலத்தில் அரச வீட்டிலேயே குழந்தைகள் தவறிப்போவது சகஜம். ஆனால், ராணியின் ஒன்பது பேருமே வளர்ந்து ஆளானார்கள். பார்க்கிறவர்களுக்கு ஆரோக்கியமான குடும்பம்!

எட்டாவது பிள்ளை லியோபோல்ட், 1853-ல் பிறந்தவர். நடக்க ஆரம்பித்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. லேசாக இடித்துக்கொண்டால்கூட உடம்பில் பெரிய பெரிய நீலத் திட்டுகள். மூட்டு வீங்கிக்கொண்டு நாட்கணக்கில் படுக்கை. காயம் பட்டால் ரத்தம் நிற்காது. டாக்டர்கள் ‘ஹீமோபிலியா’ என்றார்கள். ரத்தம் உறையாமை நோய்.

நமக்கு வெட்டுக்காயம் பட்டால் சில நிமிஷத்தில் ரத்தம் கட்டியாகி நின்றுவிடுகிறது. இதற்காக ரத்தத்தில் பல புரதங்கள் இருக்கின்றன. தீப்பிடித்த வீட்டுக்கு ஆட்கள் வரிசையாக நின்று தண்ணீர் வாளியைக் கை மாற்றுவார்களே, அந்த மாதிரி ஒன்று இன்னொன்றைத் தூண்டிவிட்டு, கடைசியில் ரத்தத்தை உறைய வைக்கின்றன. இவற்றுக்கு ‘ஃபேக்டர்’ என்று பெயர். வரிசையில் எட்டாவது ஆள் வரவில்லை என்றால் ஹீமோபிலியா ‘ஏ’. ஒன்பதாவது ஆள் வரவில்லை என்றால் ஹீமோபிலியா ‘பி’. பிறக்கும் ஆண் குழந்தைகளில் சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு ‘ஏ’ வகை இருக்கும். ‘பி’ வகை இன்னும் அபூர்வம்.

லியோபோல்டை அம்மா பொத்திப் பொத்தி வளர்த்தார். ஆனாலும் 1884-ல், பிரான்ஸ் நாட்டின் கான் நகரில் தங்கியிருந்தபோது தவறி விழுந்தார். மறுநாள் அதிகாலை உயிர் போய்விட்டது. வயசு 30.

அவருக்கு மட்டும் வந்த கஷ்டம் என்றுதான் குடும்பம் நினைத்திருக்கும். ஆனால் அந்த நோய், ஆரோக்கியமாகத் தெரிந்த பெண்பிள்ளைகளோடு கல்யாணச் சீரோடு சீராக வேறு தேசங்களுக்கு ஏற்கெனவே போய்விட்டிருந்தது!

ஜெர்மனிக்குப் போன மகள்

ராணியின் இரண்டாவது மகள் ஆலிஸ். 1862-ல் ஜெர்மனியின் ஹெஸ்ஸே அரச குடும்பத்துக்கு மருமகளாகப் போனார். அவருக்கு ஏழு பிள்ளைகள். அதில் ஒரு பையன் ஃபிரெடரிக். 1873-ல், இரண்டரை வயசில், ஜன்னலிலிருந்து கீழே விழுந்தான். விழுந்த உடனே உயிர் போகவில்லை. வேறு குழந்தையாக இருந்தால் பிழைத்திருக்கவும் கூடும். ஆனால் தலைக்குள்ளே கசிந்த ரத்தம் நிற்கவில்லை. சில மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

இப்போது நம் உறவுமுறையில் கணக்குப் போடுங்கள். இங்கிலாந்தில் இருந்த லியோபோல்ட், இந்தக் குழந்தைக்கு என்ன உறவு? தாய்மாமன்!

இந்த ஃபிரெடரிக்கின் அக்கா ஐரீன், தங்கை அலிக்ஸ். இருவருமே நோய் எதுவும் இல்லாத பெண்கள். ஐரீன் பிரஷ்ய இளவரசர் ஹென்றியை மணந்தார். அவருக்கு மூன்று மகன்கள். இரண்டு பேருக்கு ஹீமோபிலியா. கடைக்குட்டி ஹைன்ரிச், நான்கு வயசில் தலையில் அடிபட்டு 1904 பிப்ரவரியில் இறந்துபோனான். மூத்தவர் வால்டெமார் 56 வயசு வரை இருந்தார். 1945-ல், உலக யுத்தம் முடியும் தறுவாயில், ஏற்றுவதற்கு ரத்தம் கிடைக்காமல் பவேரியாவில் ஒரு சிற்றூரில் காலமானார். இந்த இரண்டு பேருக்கும் ஜன்னலிலிருந்து விழுந்த அந்தக் குழந்தை என்ன உறவு? தாய்மாமன்!

ரஷ்யாவுக்குப் போன பேத்தி

தங்கை அலிக்ஸ், 1894-ல் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலஸை மணந்து, அலெக்ஸாந்திரா என்ற பெயரோடு மகாராணியானார். வரிசையாக நான்கு பெண் குழந்தைகள். வாரிசுக்கு ஆண் குழந்தை வேண்டுமே என்று நாடே காத்துக்கொண்டிருந்தது. 1904 ஆகஸ்டில் அலெக்ஸி பிறந்தான். அதே வருஷம் பிப்ரவரியில்தான் அக்கா வீட்டுப் பிள்ளை செத்துப்போயிருந்தான்! சில வாரங்களில் அலெக்ஸியின் தொப்புளில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. நிற்கவில்லை. அந்தத் தாய்க்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையே இருந்திருக்காது.

பட்டத்து இளவரசனுக்கு இப்படியொரு நோய் என்று ஜனங்களுக்குத் தெரியக்கூடாது என மூடி மறைத்தார்கள். 1912-ல் அன்று ரஷ்ய ஆட்சியில் இருந்த போலந்தின் ஸ்பாலா என்ற இடத்தில், தொடையிலும் அடிவயிற்றிலும் உள்ளுக்குள்ளே ரத்தம் கட்டி, கடைசிச் சடங்குகள் வரை போய்ப் பையன் பிழைத்தான். டாக்டர்கள் கைவிரித்த இடத்தில் ரஸ்புடின் என்ற சாமியாரை அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அந்த ஆளின் செல்வாக்கு அரண்மனையின் மானத்தை வாங்கியது. 1917-ல் புரட்சி வந்தது. 1918 ஜூலையில் மொத்தக் குடும்பமும் சுட்டுக் கொல்லப்பட்டது. அலெக்ஸிக்கு 14 வயசுகூட முடியவில்லை.

புரட்சிக்கு ஆயிரம் காரணம் உண்டு. இந்த நோய்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், நோயை மறைத்ததால் அந்த வீட்டுக்கு எந்த நன்மையும் வரவில்லை என்று மட்டும் ஒரு வைத்தியனாகச் சொல்ல முடியும்.

ஸ்பெயினுக்குப் போன இன்னொரு பேத்தி

விக்டோரியா ராணியின் கடைசி மகள் பியாட்ரிஸ். அலெக்ஸாந்திராவுக்குச் சித்தி முறை. இவர் கல்யாணமான பின்பும் அம்மாவுடனேயே இங்கிலாந்தில் இருந்தார். இவருடைய மகன் ஒருவருக்கு ஹீமோபிலியா. அவர் பெயரும் லியோபோல்ட்தான். 1922-ல் ஆபரேஷனின்போது 32 வயசில் இறந்தார்.

பியாட்ரிஸின் மகள் விக்டோரியா யூஜினி, 1906-ல் ஸ்பெயின் மன்னர் 13-ம் அல்ஃபோன்ஸோவை மணந்தார். 1907-ல் பிறந்த மூத்த மகன் அல்ஃபோன்ஸோவுக்கு இந்த நோய். 1914-ல் பிறந்த கடைசி மகன் கோன்ஸாலோவுக்கும் இதே நோய். மனைவிதான் நோயைக் கொண்டுவந்தாள் என்ற கசப்பில் தாம்பத்தியமே கெட்டுப்போனது. 1934-ல் ஆஸ்திரியாவில் சின்னதாக ஒரு கார் விபத்து. வெளியே பெரிய காயம் இல்லாமல் எழுந்து வந்த கோன்ஸாலோ, உள்ளே ரத்தம் கசிந்து 19 வயசில் இறந்தார். நான்கு வருஷம் கழித்து அண்ணன் அல்ஃபோன்ஸோவும் அமெரிக்காவின் மயாமி நகரில் இதேபோல ஒரு கார் விபத்தில் போய்ச் சேர்ந்தார்.

இந்த அண்ணன் தம்பிகளுக்கு, ஆபரேஷனில் இறந்த லியோபோல்ட் என்ன உறவு? நீங்களே சொல்லிவிடுவீர்கள்!

இன்னும் ஒரு கிளை பாக்கி இருக்கிறது. கான் நகரில் இறந்த முதல் லியோபோல்டுக்கு ஒரு மகள், ஒரு மகன். மகன், அப்பா செத்த பிறகு பிறந்தவர். அவருக்கு நோய் இல்லை. மகளுக்கும் வெளியே எதுவும் தெரியவில்லை. ஆனால், மகளின் மகன் ரூபர்ட்டுக்கு இருந்தது! 1928-ல் பிரான்ஸில் கார் விபத்துக்குப் பிறகு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு 20 வயசில் இறந்தார். இவருக்கு முதல் லியோபோல்ட் அம்மாவைப் பெற்ற தாத்தா.

இந்த ரத்தம் போன வழி

ஆக, இத்தனை நாடுகள், நான்கு தலைமுறைகள். நோய் வந்தவர் எல்லோரும் ஆண்கள். அந்த ஆணின் தாய்மாமனுக்கோ, அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கோ, அம்மாவின் தாய்மாமனுக்கோ இதே நோய். நடுவில் ஆரோக்கியமான ஒரு பெண்.

காரணம் சுலபம். ஃபேக்டர் 8, ஃபேக்டர் 9 இரண்டையும் தயாரிக்கச் சொல்லும் மரபணு ‘எக்ஸ்’ குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆணுக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. வீட்டுக்கு இரண்டு சாவி இருந்தால், ஒன்று தேய்ந்துபோனாலும் இன்னொன்றை வைத்துக் கதவைத் திறந்துவிடலாம். அதுதான் பெண்ணின் நிலை. ஆணிடம் இருப்பதோ ஒரே சாவி. அது தேய்ந்திருந்தால் கதவு திறக்காது.

தேய்ந்த சாவியைச் சுமக்கும் பெண்ணுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர 50 சதவிகித வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் தேய்ந்த சாவியைச் சுமப்பவளாகப் பிறக்க 50 சதவிகித வாய்ப்பு. மூத்தவனுக்கு வந்துவிட்டது, அடுத்தவனுக்கு வராது என்று கணக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் புதிதாகக் காசு சுண்டிப் பார்க்கிற கதைதான்.

நோயுள்ள அப்பாவின் மகன்களுக்கு அவரிடமிருந்து நோய் வராது. ஏனென்றால் மகனுக்கு அப்பா கொடுப்பது ஒய். ஆனால் அவருடைய மகள்கள் அத்தனை பேரும் தேய்ந்த சாவியைப் பெற்றுக்கொள்வார்கள். லியோபோல்டின் மகனையும் மகளையும் பார்த்தோமே, அது இதேதான்.

விக்டோரியாவின் மூத்த மகன் ஏழாம் எட்வர்ட் இந்த நோய் இல்லாதவர். இன்றைய இங்கிலாந்து அரச பரம்பரை அவர் வழியில் வந்ததால் தப்பித்துக்கொண்டது.

இதையெல்லாம் கண்டுபிடிக்கக் குரோமோசோம் பரிசோதனை தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். யூதர்களின் பழைய சட்ட நூலான தால்முத்தில், விருத்தசேதனம் செய்து அண்ணன்மார் இறந்திருந்தால் தம்பிக்கு அதைச் செய்ய வேண்டாம் என்று விலக்கு உண்டு. அக்கா தங்கைகளின் பிள்ளைகள் அப்படி இறந்திருந்தாலும் விலக்கு உண்டு! 1803-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா டாக்டர் ஜான் கான்ராட் ஓட்டோ, ரத்தம் நிற்காத ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். அந்தக் குடும்பத்தின் வேரைத் தேடிப் போய், சுமார் 1720-ல் நியூ ஹாம்ப்ஷயர் பகுதியில் குடியேறிய ஒரு பெண்மணியிடம் வந்து நின்றார். நோய் ஆண்களுக்கு மட்டும் வருகிறது, பெண்கள் வழியாகப் போகிறது என்று தெளிவாக எழுதி வைத்தார். இரண்டு இடத்திலும் உதவியது, யார் வயிற்றில் யார் பிறந்தார்கள் என்ற தகவல்தான்.

எலும்புகள் சொன்ன சாட்சி

ரஷ்ய அரச குடும்பத்தின் எலும்புகள் யெகாதெரின்பர்க் நகருக்கு வெளியே 1991-ல் தோண்டி எடுக்கப்பட்டன. அவர்களுடையதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கும் தாய்வழிதான் கை கொடுத்தது. உடம்பின் செல்களில் மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதி உண்டு. அதன் டி.என்.ஏ. அம்மாவிடமிருந்துதான் பிள்ளைகளுக்கு வருகிறது. இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத்தின் கணவர் பிலிப், அலெக்ஸாந்திராவின் அக்கா விக்டோரியாவுடைய மகளின் மகன். அதாவது, அலெக்ஸாந்திரா அவருக்குப் பாட்டியின் தங்கை. பிலிப் தன் ரத்தத்தைக் கொடுத்தார். 1993-ல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அலெக்ஸாந்திரா, மூன்று மகள்களின் எலும்புகளோடு அது அப்படியே பொருந்தியது!

அலெக்ஸியும் ஒரு மகளும் மட்டும் அந்தக் குழியில் இல்லை. அவர்களுடைய எலும்புகள் 2007-ல் பக்கத்திலேயே கிடைத்தன. 2009-ல் அவற்றின் மரபணுவை ஆராய்ந்தபோதுதான், இந்தக் குடும்பத்து நோய் ஃபேக்டர் 9 குறையால் வரும் ஹீமோபிலியா ‘பி’ என்பது ருசுவானது. அலெக்ஸாந்திராவும் ஒரு மகளும் அந்த மரபணுவைச் சுமந்தவர்கள் என்பதும் தெரிந்தது.

என் கிளினிக்கில் ஒரு நாள்

அரண்மனைக் கதை போதும். நம் ஊருக்கு வருவோம்.

சில வருஷங்களுக்கு முன்பு ஐந்து வயசுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். கூடவே மாமியார். பையனின் வலது முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. தொட்டால் சூடு. இது மூன்றாவது தடவையாம். ஊரில் ஒருவரிடம் எண்ணெய் போட்டு நீவிவிட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம் வீக்கம் ஜாஸ்தியாகிவிட்டது. “முட்டிவாதம்னு சொல்றாங்க டாக்டர்” என்றார் மாமியார். பையனின் கையிலும் முதுகிலும் நீலத் திட்டுகள்.

அம்மாவைப் பார்த்துக் கேட்டேன்: “உங்க கூடப் பிறந்தவங்க எத்தனை பேரும்மா?”

“அக்காவும் நானும்தாங்க.”

“ஆம்பளைப் பிள்ளை யாரும் இல்லையா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஒரு அண்ணன் இருந்தானாம். நான் பொறக்கிறதுக்கு முன்னாடியே தவறிட்டான். பல்லு விழுந்த எடத்துல ரத்தம் நிக்கவே இல்லையாம். அதை எங்க வீட்ல யாரும் பேசறதில்லீங்க.”

“எங்க வம்சத்துல யாருக்கும் இப்படி இல்லைங்க!” என்றார் மாமியார், உடனே.

அன்றே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினேன். ஹீமோபிலியாதான். அந்த அம்மாவின் அக்காவுக்கு ஒன்பது மாதத்தில் ஒரு ஆண் குழந்தை இருந்தது. குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த நாள் பார்த்திருந்தார்கள். குழந்தைக்கு முதலில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னேன். அதற்கும் இருந்தது. காது குத்து நின்றது. குழந்தை பிழைத்தது என்றே சொல்ல வேண்டும்.

மாமியாரிடம் தனியாகச் சொன்னேன்: “உங்க மருமக கண்ணுக்குத் தெரியாத ஒண்ணைச் சுமந்துட்டு வந்திருக்கா. அது அவ கேட்டு வாங்கினது இல்லைம்மா. இங்கிலாந்து ராணிக்கே தெரியாம இருந்தது இது.” அவருக்குக் கோபம் தணிய நாளாயிற்று. ஆனால் இன்று பேரனை ஊசிக்குக் கூட்டிப்போகிறவர் அவர்தான்.

சித்த வைத்தியன் சொல்கிறேன்...

ஒரு விஷயத்தை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். ஹீமோபிலியாவுக்கு எங்கள் மருத்துவத்தில் குணம் தரும் மருந்து கிடையாது. ‘லேகியத்தில் சரியாக்குகிறேன்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். குறைகிற ஃபேக்டரை ஊசி மூலம் ஏற்றுவதுதான் வழி. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இது இலவசமாகக் கிடைக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ஐந்து பேருக்கு ஹீமோபிலியா ‘ஏ’ வகைக்கு மரபணு சிகிச்சை செய்து, அதன்பின் ரத்தக்கசிவு இல்லாமல் இருப்பதாக 2024-ல் மருத்துவ இதழில் வெளியிட்டிருக்கிறார்கள். ஜார் மன்னருக்குக் கிடைக்காத பாக்கியம் இன்று நம் ஏழைப் பிள்ளைக்குக் கிடைக்கிறது.

இந்தப் பிள்ளைகளுக்குச் செய்யக்கூடாதவை:

* தொக்கணம், நீவுதல், வர்மத் தடவல், இறுக்கிக் கட்டுதல், அட்டை விடுதல், குருதி வாங்கல் எதுவும் கூடாது.

* ஆஸ்பிரின், புரூஃபென் மாதிரி வலி மாத்திரைகள் கூடாது. டாக்டர் சொல்லும் பாரசிட்டமால் போதும்.

* சதையில் போடும் ஊசி கூடாது. தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். நோயைச் சொல்லிவிட்டு, டாக்டரின் ஆலோசனைப்படி போடுங்கள்.

* பல் பிடுங்குதல், காது குத்துதல், சுன்னத் எதுவானாலும் ஹீமோபிலியா சிகிச்சை தரும் டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

* மூட்டு வீங்கினால் அசைக்காமல் வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுத்து, காலை உயர்த்தி வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம்.

* தலையில் அடி என்றால், பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள்.

உங்கள் வீட்டு வம்சாவளி எழுதுவது எப்படி?

ஒரு பெரிய தாளும் பென்சிலும் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் செலவழியுங்கள்.

1. நடுவில் கீழே உங்கள் குழந்தைகள். அவர்களுக்கு மேலே நீங்களும் உங்கள் துணையும். இடது பக்கம் அப்பா வழி, வலது பக்கம் அம்மா வழி. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்.

2. குறைந்தது மூன்று தலைமுறை போடுங்கள். கட்டிக்கொடுத்த பெண்களை விட்டுவிடாதீர்கள். அத்தை, பெரியம்மா, சித்தி, அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் வரவேண்டும்.

3. நோய் உள்ளவர் கட்டத்தைக் கறுப்பாக நிரப்புங்கள். காலமானவர் மேல் ஒரு குறுக்குக் கோடு. பக்கத்தில் எத்தனை வயசில், எதனால் என்று எழுதுங்கள்.

4. பிறந்து சில நாளில் இறந்தவை, குறைப்பிரசவம், கருச்சிதைவு எல்லாவற்றையும் குறியுங்கள். பெயர் வைக்காத குழந்தைக்கும் ஒரு கட்டம் உண்டு.

5. பெரியவர்கள் சொல்லும் வார்த்தையிலேயே எழுதுங்கள். “தோஷம்”, “காத்து கருப்பு”, “ரத்தம் நிக்கல”, “தூங்கினவர் எந்திரிக்கல”... இதற்கு மருத்துவப் பெயர் கொடுப்பது டாக்டர் வேலை.

6. சொந்தத்தில் கல்யாணம் நடந்திருந்தால் இருவரையும் இரட்டைக் கோட்டால் இணையுங்கள்.

7. பர்மா, மலேயா, சிலோன் என்று போய்த் தங்கிவிட்ட கிளை இருந்தால், போன் செய்து கேளுங்கள். கடல் தாண்டினாலும் ரத்தம் அதேதான்.

8. எழுதி முடித்ததும் அக்கா, தங்கை வீடுகளுக்கு ஆளுக்கொரு நகல் கொடுங்கள்.

இந்தத் தாள் ஹீமோபிலியாவுக்கு மட்டும் உதவுவதல்ல. ஐம்பது வயசுக்குள் மாரடைப்பு, சர்க்கரை, மார்பகப் புற்றுநோய், தலசீமியா, பிறவிச் செவிட்டுத்தன்மை என்று எந்த டாக்டரிடம் போனாலும் முதல் கேள்விக்குப் பதில் உங்கள் கையில் இருக்கும். மார்பகப் புற்றுநோய் அப்பா வழியிலும் வரலாம் என்பதால் அத்தைகளையும் மறக்காதீர்கள்!

வழக்கமாக வரும் சந்தேகங்கள்

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால்தான் ராணி வீட்டுக்கு இது வந்ததா?

இல்லை. அம்மாவிடமிருந்து தேய்ந்த சாவி வந்தாலே மகனுக்கு நோய் வந்துவிடும். அப்பா சொந்தக்காரராக இருந்தாலும் அசலாக இருந்தாலும் ஒன்றுதான். ஆனால், நோயுள்ள தாய்மாமனுக்கு அக்கா மகளையே கட்டி வைத்தால், அந்தப் பெண்ணும் மரபணுவைச் சுமப்பவளாக இருக்கலாம். அப்போது இரண்டு பக்கமிருந்தும் வந்து, பிறக்கும் பெண் குழந்தைக்கே முழு நோய் வரலாம். தலசீமியா போன்ற வேறு வகைப் பரம்பரை நோய்களில் சொந்தக் கல்யாணம் நிச்சயமாக ஆபத்தைக் கூட்டும்.

பின்னே ராணிக்கு எங்கிருந்து வந்தது?

அவருடைய முன்னோர்களில் இந்த நோய் இருந்ததற்குத் தடயம் இல்லை. விக்டோரியா பிறந்தபோது அவருடைய அப்பாவுக்கு 51 வயசு. விந்தணுவிலோ கருவிலோ மரபணு புதிதாக மாறியிருக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. பிற்காலத்தில் இந்தியாவில் குடியேறி 1964-ல் புவனேஸ்வரில் காலமான ஜே.பி.எஸ். ஹால்டேன், இந்த வம்சாவளியை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர். இன்றும் ஹீமோபிலியா வருகிறவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்திருக்காது. எனவே, ‘எங்க வம்சத்துல இல்லை’ என்று டெஸ்ட்டைத் தள்ளிப்போடக்கூடாது.

சுமக்கும் பெண்ணுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காதா?

சிலருக்கு இருக்கும். மாதவிடாயில் அதிகப் போக்கு, பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்காதது என்று காட்டும். குடும்பத்தில் ஹீமோபிலியா இருந்தால் பெண்களும் ஃபேக்டர் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்கா, தங்கைகள் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே மரபணு ஆலோசனைக்குப் போவது நல்லது.

நம் வழக்கப்படி, குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துகிறோம். தோடு, சட்டை, சீர்வரிசை என்று எல்லாவற்றையும் அவரிடம் கேட்டு வாங்குகிறோம். இனிமேல் நாள் குறிப்பதற்கு முன்பே அவரிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: “மாமா, சின்ன வயசுல உங்களுக்கு அடிபட்டா ரத்தம் சீக்கிரம் நின்னுடுமா? உங்க கூடப் பிறந்து தவறிப்போனவங்க யாராவது உண்டா?”

அவர் சொல்வதை அந்தத் தாளில் குறித்து வையுங்கள். மாமனே இல்லாத வீடாக இருந்தால், ஏன் இல்லை என்று பாட்டியிடம் மெதுவாகக் கேளுங்கள்.